கலைக்கூடத்து மாதா

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் இரண்டு மணி இருபது நிமிடம். நேரம் எனக்குத் திடமாகத் தெரியும். கடுநீல மேலங்கி அணிந்த காவலர் என் இளைய மகளின் இடது மணிக்கட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையில் இருந்த ரேடியோவில் முதலில் சொன்னது அதைத்தான். அடுத்து அறையின் எண்ணைச் சொன்னார். பிறகு, "ஒரு பிள்ளை படத்தைத் தொட்டுவிட்டது" என்றார். எங்கோ அபாய மணி அடித்துக்கொண்டே இருந்தது.

அவளுக்கு அப்போது ஐந்து வயது. அவள் அழவில்லை. பிடிபடாத வலது கையைக் கண்களில் ஒற்றியபடி நின்றாள். எங்கள் கோயிலில் எல்லாப் பிள்ளைகளும் செய்கிற காரியம் அது. பூசை முடிந்ததும் மாதா சுரூபத்தின் முன் வரிசையில் நிற்பார்கள். பாதத்தைத் தொடுவார்கள், தொட்ட கையைக் கண்ணில் ஒற்றுவார்கள், வேண்டியதைக் கேட்பார்கள். அவள் நடக்கப் பழகும் முன்பே நான் தூக்கிப் பிடித்துத் தொட வைத்திருக்கிறேன். ஆனால் அன்று நாங்கள் நின்றது கோயிலில் அல்ல, நகரின் நடுவே உள்ள ஒரு கலைக்கூடத்தில். அவள் தொட்டது சுரூபத்தை அல்ல. இத்தாலியில் ஏதோ ஒரு சிற்றூர்க் கோயிலின் பீடத்துக்கு மேலே ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர் வைக்கப்பட்ட, மரப்பலகையில் தீட்டிய ஓவியம் அது.

அந்த ஓவியம் சில மாதங்களுக்கு மட்டும் இங்கே காட்சிக்கு வந்திருந்தது. கலைக்கூடத்துக்குப் போகிற வழக்கம் எங்கள் யாருக்கும் இல்லை. செய்தி எங்களுக்கு வந்தது, நாங்கள் குடியிருக்கிற ஸ்காபரோவில் தமிழ்ப் பூசை முடிந்து மண்டபத்தில் தேநீர் குடிக்கிற நேரத்தில்.

"பீடத்தில இருந்த மாதாவாம். ஐந்நூறு வருசமாப் பூசை கண்டவ," என்றார் பாடகர் குழுவில் இருக்கிற அன்ரி ஒருவர்.

"அப்ப ஏன் அவவைக் கோயில்ல வைக்காமல் மியூசியத்தில வச்சிருக்கினம்?"

"கோயில்ல வச்சா ரிக்கெற் விக்கேலாதெல்லே."

எல்லோரும் சிரித்தோம். அன்ரி மட்டும் சிரிக்கவில்லை. "சிரியுங்கோ, சிரியுங்கோ. என்ர தங்கச்சி போய் முழங்கால்ல நிண்டு கேட்டவ. ரண்டாம் நாள் வேலைக்குக் கூப்பிட்டிட்டாங்கள்."

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் இரண்டு மூன்று குடும்பங்கள் பூசை முடிந்த கையோடு ரயில் ஏறிப் போய் வந்தன. கோயில் உடுப்புடன், தலையில் முக்காட்டுடன், ஏதோ ஊரில் மடு மாதா திருவிழாவுக்குப் போவது போல. போனவர்கள் கலைக்கூடம் என்று சொல்லவில்லை. "மாதாட்டப் போட்டு வந்தனாங்கள்" என்றுதான் சொன்னார்கள்.

நான் போனதும் கேட்கத்தான். என் கணவர் கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தார். இளையவள் வயிற்றில் இருக்கும்போது நான் மூத்தவளுடன் விமானம் ஏறினேன். அவருக்கு அன்று வர முடியாமல் போய்விட்டது. சோதனைச் சாவடி ஒன்றில் சீருடைக்காரர்கள் அவரைப் பக்கத்து அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவரை வெளியே விட்டபோது எங்கள் விமானம் போய்ப் பல மாதங்கள் ஆகியிருந்தன. இங்கே எனக்கு வதிவிடம் கிடைத்ததும் அவரைக் கூப்பிட ஸ்பொன்சர் செய்தேன். மருத்துவப் பரிசோதனை முடிந்துவிட்டது, நேர்முகமும் முடிந்துவிட்டது. அதற்கு மேல் சத்தமில்லை. இளையவளுக்கு அப்பா என்றால் தொலைபேசியில் இருமுகிற ஒரு குரல்.

எங்களை அன்று காரில் ஏற்றிச் சென்றவர் எங்கள் கட்டடத்தில் மேல்மாடியில் இருக்கிற அண்ணை. ராக்சி ஓடுபவர். சைவர். அவருக்கு அதில் ஒரு கஷ்டமும் இருக்கவில்லை.

"மாதா எண்டா என்ன, அம்மன் எண்டா என்ன தங்கச்சி? பார்க்கிங் கிடைக்கிறதுதான் அங்க பெரிய பிரச்சினை," என்றார். எங்களை வாசலில் இறக்கிவிட்டு இடம் தேடிப் போனார். போகும் முன் கண்ணாடியை இறக்கி, "உள்ள சப்பாத்தோட போகலாமோ எண்டு கேட்டு வையுங்கோ" என்றார். பகிடிக்குச் சொன்னாரா, உண்மையாகவே கேட்டாரா என்று எனக்கு இன்றும் தெரியாது.

ஓவியம் ஒரு தனி அறையில் இருந்தது. சுவர்கள் கடுஞ்சிவப்பு. விளக்கு எல்லாம் அதன் மேல் மட்டும். இடுப்பளவு உயரமான மேடையில் அதை நிறுத்தியிருந்தார்கள். முன்னால் தடித்த கயிறு ஒன்று கட்டியிருந்தது. கண்ணாடி இல்லை.

பின்னணி முழுவதும் தங்கம். நடுவில் கல் சிம்மாசனத்தில் மாதா. மடியில் குழந்தை யேசு, அவர் கையில் ஒரு சிறு குருவி. வலப்பக்கம் உடம்பெல்லாம் அம்புகளுடன் செபஸ்தியார். இடப்பக்கம் லீலி மலருடன் அந்தோனியார். எங்கள் ஊர்க் கோயில்களில் இதே ஆட்கள்தான் இருப்பார்கள். கைதடி போகிற வழியில் கண்டாலும் அடையாளம் தெரியும். ஆனாலும் நான் நின்றபடியே நின்றேன். நான் பார்த்து வளர்ந்த மாதாவின் படங்களில் அவர் கன்னம் ரோசா நிறமாக இருக்கும். மெல்லச் சிரிப்பார். இவர் சிரிக்கவில்லை. நீல மேற்போர்வை கறுத்துப்போய் இருந்தது. முகம் பச்சை கலந்த நிறம், பல இரவு நித்திரை இல்லாத ஒருத்தியின் முகம். பிள்ளையை அவர் பிடித்திருந்த விதமும் தாலாட்டுகிற பிடி அல்ல. யாரோ பறிக்க வரப் போகிறார்கள் என்று தெரிந்த பிடி.

"முகம் ஏன் இப்பிடிப் பச்சையாய் இருக்கு?" என்று மூத்தவளிடம் கேட்டேன். அவளுக்குப் பதினான்கு வயது. பாடசாலையில் ஆர்ட் ஒரு பாடமாக எடுத்திருந்தாள்.

"அது அண்டர்பெயின்ற் அம்மா. முதல்ல பச்சை பூசுவினம். அதுக்கு மேல பிங்க். பிங்க் தேஞ்சு போச்சு." பிறகு செபஸ்தியாரைப் பார்த்தாள். "இவ்வளவு அம்பு குத்தியும் இந்த ஆள் ஏன் பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி நிக்கிறார்?"

"வாயை மூடு. சேசுவே."

"சீரியஸ்லி அம்மா, முகத்தைப் பாருங்கோ."

செபஸ்தியாரின் முகத்தை நான் பார்த்தேன். உண்மையாகவே பஸ்ஸுக்கு நிற்பவர் போலத்தான் இருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பின் நடுவில்தான் மணி அடித்தது.

கயிற்றுக்குக் கீழே குனிந்து போவதற்கு இளையவளுக்கு ஒரு விநாடி போதும். மாதாவின் போர்வைக்குக் கீழே வெளியே தெரிந்த பாதம் அவள் முகத்துக்கு நேரே இருந்தது, எங்கள் கோயிலில் அவள் எட்டித் தொடுகிற பாதத்தைவிடக் கிட்ட.

எங்களை ஒரு சிறு அறைக்குக் கூட்டிப் போனார்கள். யன்னல் இல்லாத அறை. ஒரு மேசை, நான்கு கதிரைகள், சுவரில் தீயணைப்புக் கருவி. கதவைச் சாத்தினார்கள். பூட்டவில்லை, ஆனால் சாத்திய சத்தத்துக்கே நான் இளையவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். நான் கணித ஆசிரியையாக இருந்தவள். இங்கே வந்த பிறகு பகலில் தொழிற்சாலை வேலையும் பின்னேரங்களில் ஆங்கில வகுப்பும் என்று ஓடி, ஆங்கிலம் நன்றாகவே பேசுவேன். அந்த அறைக்குள் எனக்கு ஒரு சொல் வரவில்லை.

காவலர்களுக்குப் பொறுப்பான பெண் ஒருத்தி வந்தாள். முப்பது வயது இருக்கும். மரியாதையாகத்தான் பேசினாள். ஓவியத்துக்குச் சேதம் என்றால் பொலிசுக்கு அறிவிக்க வேண்டும், இல்லையென்றால் தேவையில்லை, அது அவள் தீர்மானிக்கிற விஷயம் அல்ல என்றாள். சேதமா இல்லையா என்று சொல்லக்கூடியவர் ஒருவர்தான் இருக்கிறார், ஓவியங்களைப் பழுதுபார்க்கிற நிபுணர். அவர் வீடு நகருக்கு வெளியே, விட்பியில். ஞாயிற்றுக்கிழமை என்றபடியால் வீட்டில் இருந்து புறப்பட்டு வருகிறார். வெளியே பனி கொட்டுகிறது, நேரம் எடுக்கும்.

பொலிஸ் என்ற சொல்லுக்குப் பிறகு அவள் சொன்னது பாதி எனக்குக் கேட்கவில்லை. ஸ்பொன்சர் செய்தவளின் பெயரில் ஒரு பொலிஸ் முறைப்பாடு. கொழும்பில் எந்த மேசையிலோ கிடக்கிற என் கணவருடைய கோப்பு. அந்த மேசைக்குப் பின்னால் இருக்கிறவர் என் பெயரை எழுத்தெழுத்தாகத் தட்டிப் பார்ப்பது எனக்குக் கண்ணில் தெரிந்தது. சட்டம் அப்படித்தான் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அப்படி இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை.

"அம்மா," என்றாள் இளையவள், "மாதாவுக்கு நொந்ததோ?"

"இல்லை."

"அப்ப ஏன் பெல் அடிச்சது?"

மூத்தவள் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். "ஓ மை கோட்," என்றாள் மேசையிடம்.

சிறிது நேரத்தில் அண்ணை வந்து சேர்ந்தார். தொப்பியில் பனி. எங்களைத் தேடி மூன்று மாடியும் ஏறி இறங்கினாராம். கதவடியில் நின்ற காவலரிடம் தான் குடும்பத்தின் மாமா என்று சொல்லி உள்ளே வந்திருக்கிறார். நடந்ததைச் சொன்னேன். கதிரையை என் பக்கம் இழுத்து, குரலைத் தாழ்த்தினார். அந்த அறையில் தமிழ் தெரிந்த வேறு ஆள் இல்லை என்பது அவருக்கு நினைவில் இல்லை.

"ஒண்டையும் ஒத்துக்கொள்ளாதேங்கோ. தெரியாது எண்டு சொல்லுங்கோ. இமிகிரேசன் கேஸ் இருக்கிற ஆக்கள் வாயைத் திறக்கப்படாது. எனக்குத் தெரிஞ்ச லோயர் ஒருத்தர் பிறம்ரன்ல இருக்கிறார்."

"தெரியாதெண்டு எப்பிடி அண்ணை சொல்லுறது? அவையள் கண்ணால கண்டவை."

"பிள்ளை தொட்டதைத்தானே கண்டவை. நீங்கள் தொட்டதைக் காணேல்லையே."

மூத்தவள் தலையை நிமிர்த்தினாள். "அங்கிள் சொல்லுறது சரி அம்மா. அவளுக்கு அஞ்சு வயசு. அஞ்சு வயசுப் பிள்ளையைச் சார்ஜ் பண்ண மாட்டினம். அவள் தானாப் போய்த் தொட்டவள் எண்டு சொல்லுங்கோ. அது உண்மைதானே."

உண்மைதான். நான் தொடச் சொல்லவில்லை. ஆனால் அவளுக்கு அதைத் தொடத் தெரிந்தது எப்படி என்பதும் உண்மை.

அந்த நேரம் அவளைப் பிடித்த காவலர் கடதாசிக் கோப்பையில் தண்ணீர் கொண்டுவந்தார். வயதானவர், நரைத்த மீசை. கோப்பையை மேசையில் வைத்துவிட்டு நின்றார். "நான் இறுக்கிப் பிடித்துவிட்டேனா?" என்று கேட்டார். அவளுடைய மணிக்கட்டில் சிவந்த அடையாளம் இருந்தது. நான் என் கையால் அதை மூடிக்கொண்டு, இல்லை என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அவர் வேலைக்கும் அன்று ஆபத்துத்தான் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

பொறுப்பான பெண் திரும்பி வந்து எதிரில் அமர்ந்தாள். நிபுணர் பாதி வழியில் வந்துவிட்டார், வந்ததும் அவருக்குச் சொல்வதற்கு ஒரு விஷயம் தெரிய வேண்டும் என்றாள்.

"பிள்ளை தானாகத்தான் தொட்டாளா? அல்லது யாராவது தொடும்படி சொன்னீர்களா?"

மூத்தவளின் கால் மேசைக்குக் கீழே என் காலைத் தட்டியது. அண்ணை தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் என்ன நினைத்தேன் என்று பலர் பிறகு கேட்டார்கள். பெரிதாக ஒன்றும் நினைக்கவில்லை. இளையவள் என் மடியில் இருந்தாள். அந்தப் பெண் கேட்டது அவளுக்கும் விளங்கியது. அவள் என்னைவிட நன்றாக ஆங்கிலம் பேசுகிறவள். என் பதிலைக் கேட்க என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு முன்னால், அவள் தானாகச் செய்தாள், எங்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. சொல்லியிருந்தால் அதற்குப் பிறகு எந்த ஞாயிறு அவளைத் தூக்கி எந்தப் பாதத்தைத் தொடச் சொல்வேன்?

"இன்று சொல்லவில்லை," என்றேன். என் ஆங்கிலம் மெல்லத் திரும்பி வந்தது. "ஆனால் பிறந்ததில் இருந்து சொல்லிக்கொடுத்திருக்கிறோம். எங்கள் கோயிலில் மாதாவின் பாதத்தைத் தொட்டுத்தான் கேட்போம். நாங்கள் இங்கே ஓவியம் பார்க்க வரவில்லை. கும்பிட வந்தோம். தொட்டது அவள் கை. பழக்கியது நான். எழுதுவதென்றால் என் பெயரை எழுதுங்கள்."

"அம்மா!" என்றாள் மூத்தவள். அவளுக்குக் கண் நிரம்பிவிட்டது. "இப்ப அப்பாவுக்கு என்ன நடக்கப் போகுது எண்டு தெரியுமா உங்களுக்கு?"

அந்தப் பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். எழுந்து போனாள்.

அதன் பிறகு இருந்த நேரத்தைப் பற்றி எழுத அதிகம் இல்லை. அண்ணை ஒருமுறை காருக்குப் போய் வந்தார், கண்ணாடியில் தண்டச் சீட்டு வைத்திருக்கிறார்களா என்று பார்க்க. மூத்தவள் தன் கதிரையைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். செபமாலை என் கைப்பையில் இருந்தது. எடுக்க மனம் வரவில்லை. யாரிடம் கேட்க நாங்கள் வந்தோமோ, அவருடைய பாதத்தையே கெடுத்துவிட்டு அவரிடமே எதைக் கேட்பது? ஆனால் அந்தப் பச்சை முகம் எனக்கு முன்னால் வந்துகொண்டே இருந்தது. கோபமாக வரவில்லை. கதவு திறக்குமா என்று காத்திருக்கிற இன்னொருத்தியாக வந்தது. ஐந்நூறு ஆண்டுகளாக அந்தக் கோயிலில் எத்தனை பேர் அவர் முன் எதற்காகக் காத்திருந்திருப்பார்கள் என்று நினைத்தேன். காய்ச்சல் பிள்ளைகளுடன். கடலுக்குப் போனவர்களுக்காக. எழுதத் தெரியாதவர்கள், மொழி தெரியாத எங்களைப் போன்ற வழிப்போக்கர்கள். அந்த எண்ணம் எனக்கு ஆறுதல் தந்தது என்று சொல்ல மாட்டேன். அந்தக் கதிரையில் இருக்க உதவியது.

இதை எழுதுகிற இன்றும் என் கணவர் கொழும்பில்தான். கதவைப் பலமாகச் சாத்தினால் எனக்கு இன்னமும் அந்த அறை வருகிறது.

அன்று கதவு திறந்தபோது முதலில் குளிர் வந்தது. பிறகு அந்த நிபுணர் வந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். கட்டையான பெண்மணி. பனிச் சப்பாத்து, ஆண்கள் போடுகிற மேற்கோட்டு. நெற்றியில் சுரங்கத் தொழிலாளர்கள் கட்டுவது போன்ற ஒரு விளக்கு, அணைக்க மறந்து எரிந்துகொண்டிருந்தது. நேரே எங்களிடம் வரவில்லை, ஓவியத்திடம் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார் என்று அதில் இருந்து விளங்கியது. பொறுப்பான பெண் அவருக்குப் பின்னால் நின்றாள்.

அவர் எனக்கு வணக்கம் சொல்லவில்லை. இளையவளுக்கு முன்னால் முழங்காலை மடித்து இருந்து, "எந்தக் கை?" என்று கேட்டார். அவள் வலது கையை நீட்டினாள். அவர் விரல்களை ஒவ்வொன்றாக விளக்கடியில் திருப்பிப் பார்த்தார். பிறகு மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

"பிள்ளை என்ன சாப்பிட்டாள்?"

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். மூத்தவள்தான் வாயைத் திறந்தாள். "மட்டன் ரோல்ஸ்," என்றாள். "பூசை முடிந்ததும் கோயிலில் விற்றார்கள்."

"பொரித்ததா?"

"ஆம்."

"எண்ணெய்," என்றார் அவர், பின்னால் நின்ற பெண்ணிடம். "பெருவிரல் அளவுக்கு எண்ணெய். நிறம் பெயரவில்லை. தங்கத்தில் கை படவில்லை. நாளை காலை நானே எடுத்துவிடுவேன். யாருக்கும் தொலைபேசி எடுக்க வேண்டாம். அறிக்கையில் சேதம் இல்லை என்று நான் எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன்."

நான் எழுந்து நிற்கப் பார்த்தேன். அண்ணை என் தோளைப் பிடித்து இருத்தினார். நன்றி சொன்னேன். அது எந்த மொழியில் வந்தது என்று தெரியவில்லை.

அவர் அப்போதுதான் என்னைப் பார்த்தார். "நீங்கள் சொன்னதை இவர் எனக்குச் சொன்னார்," என்றார். "உங்களுக்கு ஒன்று தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பாதத்தில் பழைய நிறம் ஏறக்குறைய இல்லை. கிட்டப் போய் விளக்குப் பிடித்தால் வெள்ளைப் பூச்சும் அதற்குக் கீழே மரமும் தெரியும். திருடர்கள் கெடுத்ததல்ல. போரில் கெட்டதும் அல்ல. அந்தக் கோயிலுக்கு வந்தவர்கள் தொட்டுத் தொட்டுத் தேய்ந்தது. இப்போது தெரிகிற விரல்கள் எனக்கு முன் இருந்த யாரோ பழுதுபார்க்கும்போது வரைந்தவை."

இளையவள் தன் கையை அவரிடம் இருந்து திரும்ப எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு ஆங்கிலத்தில், தன் வகுப்பு ரீச்சரிடம் கேட்பது போல, கேட்டாள்.

"நான் கேட்டு முடிக்கவில்லை. அப்பாவை அனுப்பச் சொல்வதற்கு முன் மணி அடித்துவிட்டது. போய் முடித்துவிட்டு வரட்டுமா?"

அவர் நெற்றி விளக்கை அணைத்தார். முழங்காலில் கை ஊன்றி மெல்ல எழுந்தார்.

"வா, நானே கூட்டிக்கொண்டு போகிறேன்," என்றார். "ஆனால் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று கேள். உனக்கு முன்னால் வந்தவர்கள் எல்லாரும் தொட்டுக் கேட்டுவிட்டார்கள். இனியும் தொட்டால் அவருக்கு எழுந்து நிற்கக் கால் இருக்காது."